மாத்திரையைக் கூறு போட்டவள்

புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் அஞ்சலாட்சி போடும் கூறுக்கு மறுபேச்சு கிடையாது. நெத்திலியோ காரப்பொடி மீனோ, கூடையைக் கவிழ்த்துக் கையால் குவித்தாளென்றால் ஒரு கூறு இன்னொன்றுக்கு இளைத்திருக்காது. பெரிய மீன் ஒரு பக்கம் விழுந்தால் அந்தப் பக்கத்தில் பொடிமீனைக் குறைத்துவிடுவாள். அண்ணன் தம்பிகள் பங்குக்கு அடித்துக்கொண்டாலும் கடைசியில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். இந்தக் கை மீனோடு நின்றிருந்தால் அவளைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இருந்திருக்காது.

கொரோனா வந்தது. பெரிய மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்க வழியில்லை. அஞ்சலாட்சி கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு லாஸ்பேட்டை அரசாங்கக் குவார்ட்டர்ஸ் பக்கம் நடந்தாள். அங்கே அவளுக்கு முதல் வாடிக்கை கலைவாணி. அரசாங்க ஆபீஸில் சூப்பரின்டெண்டு. சாமானியப்பட்ட ஜாக்கிரதைக்காரி இல்லை. கேட்டைக் கொஞ்சமாகத் திறந்து வாளியை நீட்டுவாள், வாங்கிய சங்கரா மீனை மஞ்சள் தண்ணீரில் ஊறப்போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவுவாள். ஆனால் யாரோ ஒருவருக்கு எந்த டாக்டரோ எழுதிய சீட்டு வாட்சப்பில் வந்தபோது மட்டும், அதைக் கழுவிப் பார்க்காமல் மருந்துக்கடைக்கு அனுப்பி, வீட்டில் எல்லோருக்கும் வாங்கிவிட்டாள்.

தொண்டைக் கரகரப்பு நின்றதும் அந்த வீட்டில் மாத்திரையும் நின்றது. பண்டிகையன்று மிஞ்சிய பொங்கலைக் கொடுப்பதுபோல மிச்ச அட்டையைக் கேட்டின் மேல் வைத்தாள் கலைவாணி.

"எடுத்துனு போ அஞ்சலாட்சி. நல்ல ஆன்டிபயாடிக். ஒண்ணு ரெண்டு போட்டாலே ஜம்முனு ஆயிடும். சும்மா தூக்கிப் போட மனசு வரல."

அஞ்சலாட்சி வீட்டில் அப்போது எல்லோருக்குமே இருமல். புருஷன் பக்கிரி, கல்லூரியில் படிக்கும் மகள் துர்கா, அடுத்த வீட்டில் பக்கிரியின் தங்கச்சி மேனகா. அஞ்சலாட்சி அட்டையைப் பிரித்து மாத்திரைகளை முறத்தில் கொட்டினாள். தலைக்கு ஒன்று. கடலுக்குப் போகிற ஆள் என்று பக்கிரிக்கு மட்டும் ஒன்றரை. அந்த அரையை அரிவாள்மணையில் வைத்துப் பிசிறில்லாமல் அரிந்தாள்.

"அம்மா, ஆரம்பிச்சா ஒருத்தரே முழுசா சாப்புட்டு முடிக்கணும்னு படிச்சிருக்கேன். இப்பிடிப் பிச்சிப் பிச்சித் தின்னக்கூடாது" என்றாள் துர்கா.

"நீ ஒருத்தியே முழுசா முழுங்கிட்டா, மத்தவங்க வாயில மண்ணப் போடறதா? வாயத் தொறடி."

தானாகப் போக இருந்த இருமல் தானாகப் போயிற்று. பெயர் அஞ்சலாட்சிக்குக் கிடைத்தது. மறுவாரமே அவள் வாசலில் ஆள் நின்றது. லாஸ்பேட்டையில் வீட்டுக்கு வீடு அட்டை மிஞ்சிக் கிடந்தது. படித்தவர்கள் பாதியில் நிறுத்துவதில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. எல்லாம் மீன்கூடையில் ஏறிக் குப்பத்துக்கு வந்தது. ரோஸ் கலர் ஜுரத்துக்கு, நீட்டு வெள்ளை நெஞ்சுச் சளிக்கு என்று அவளே ஒரு சாஸ்திரம் வைத்துக்கொண்டாள். காசு மட்டும் தொடமாட்டாள். குப்பத்தில் கொரோனாவில் போன இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனதால்தான் போனார்கள் என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியதென்றால் அதை யார்தான் குற்றம் சொல்ல முடியும்?

முகக்கவசமெல்லாம் ஆணியில் தொங்க ஆரம்பித்த பிறகும் அவள் வைத்தியம் நிற்கவில்லை. தலைவலி, வயிற்றுவலி, வலை இழுத்த தோள்வலி எல்லாவற்றுக்கும் கூறு உண்டு. பக்கிரிக்கு எப்போதும் அரை கூடுதல்.

ஒருநாள் படகில் கிடந்த கெளுத்தி மீனைப் பக்கிரி மிதித்துவிட்டான். முள் கட்டைவிரலுக்குக் கீழே ஏறி ஒடிந்தது. அஞ்சலாட்சி முள்ளைப் பிடுங்கி, ரோஸில் ஒன்றும் வெள்ளையில் ஒன்றும் கொடுத்தாள். கால் வீங்கியது. இரட்டிப்பாகக் கொடுத்தாள். வீக்கம் கணுக்காலைத் தாண்டியது, தோல் கருநீலமானது, பக்கிரி ஜுரத்தில் பிதற்றினான். அந்தக் கால் போனால் கடல் போயிற்று. கடல் போனால் அந்த மனுஷன் கரையில் உட்கார்ந்தே செத்துப்போவான் என்று அவளுக்குத் தெரியும். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அங்கே ஒரு இளம் டாக்டரம்மா, "இதுக்கு முன்ன என்ன மாத்திரை சாப்பிட்டாரு?" என்று கேட்டாள். அஞ்சலாட்சி கலர் கலராக ஒப்பித்தாள். பாதியிலேயே டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

சீழைப் பரிசோதித்த பிறகு கூப்பிட்டுச் சொன்னாள். "நீங்க குடுத்த எதுக்கும் இந்தக் கிருமி அசையல. கொரோனாவுக்கு அது மருந்தே இல்லம்மா. கொஞ்சம் கொஞ்சமா குடுத்து, ஒடம்புல இருக்கற கிருமிக்குப் பழக்கிவிட்டதுதான் மிச்சம். வேற ஊசி போட்டுப் பாக்கறேன். கேக்கலன்னா கால எடுக்கணும்."

எல்லோரையும்விட அவனுக்குத்தானே அரை கூடுதலாகக் கொடுத்தோம் என்று நினைத்தபோது அஞ்சலாட்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வராண்டாவில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

கால் தப்பியது. கட்டைவிரல் தப்பவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா புது மாத்திரை கொடுத்து, வலி நின்றாலும் கடைசி மாத்திரை வரை அவரே சாப்பிட வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள்.

சில நாளில் மேனகா வந்தாள். அவள் பெண்ணுக்கு ஜுரம்.

"அண்ணி, டாக்டரு குடுத்த மாத்தரயாமே. ரெண்டே ரெண்டு குடுங்க."

"எனக்குத்தான் வலி நின்னுடுச்சே, குடு" என்றான் பாயில் கிடந்த பக்கிரி.

அஞ்சலாட்சியின் கை பழக்கத்தில் அட்டையைப் பிய்க்கப் போனது. பக்கிரியின் கட்டுப்போட்ட காலைப் பார்த்ததும் நின்றது.

"இல்லடி. இது முழுசும் உங்கண்ணன்தான் தின்னணும். புள்ளயத் தூக்கு, ஆஸ்பத்திரிக்குப் போவலாம். நானும் வரேன்."

மேனகாவின் முகம் சுருங்கிப்போனது. "ஊரான் ஊட்டு மாத்தரன்னா அள்ளி அள்ளிக் குடுத்தீங்க. நல்ல மாத்தர வந்ததும் ஒளிச்சி வெச்சிக்கறீங்க. இருக்கட்டும்."

அவள் வேறொரு வீட்டில் இரண்டு வாங்கிக் கொடுத்தாள். பிள்ளைக்கு ஜுரம் இறங்கியது. சும்மா விட்டிருந்தாலும் இறங்கியிருக்கும். பொழுது சாய்வதற்குள் அஞ்சலாட்சிக்குக் கை சுருங்கிவிட்டது என்று குப்பம் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

மறுநாள் கரையில் நெத்திலி வந்து இறங்கியது. அஞ்சலாட்சி எப்போதும்போலக் கூறு போட்டாள். பெண்கள் பாத்திரத்தோடு நின்றார்கள். மேனகா குனிந்து, தன் கூறை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கிப் பார்த்தாள். கீழே வைத்துவிட்டுப் பக்கத்துக் கூறையும் அள்ளித் தூக்கிப் பார்த்தாள்.

அஞ்சலாட்சி கையைக் கடல் தண்ணீரில் கழுவிக்கொண்டு எழுந்தாள். பக்கிரிக்கு மாத்திரை கொடுக்கும் நேரமாகிவிட்டது.