இளநீர் விழுந்த விரல்

விரல் நசுங்கினால் முதலில் வலிக்காது. அதுதான் ஏமாற்று. ஓசூரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் தகட்டை அழுத்தி வடிவாக்கும் பிரஸ் மிஷின் ஓட்டுகிறேன். அன்று காலை வலது ஆள்காட்டி விரலின் நுனி அதில் மாட்டிக்கொண்டது. கையைப் பிடித்துக்கொண்டு நான் முதலில் பார்த்தது சுவரிலிருந்த போர்டை.

எங்கள் லைன் விபத்தில்லாமல் ஓடிய நாள்களை அதில் எழுதுவார்கள். இன்னும் மூன்று நாள் தாண்டினால் ஆளுக்கொரு குக்கர் பரிசு. பதினெட்டுக் குடும்பத்தின் குக்கர் என் விரலில் தொங்கியது. சூப்பர்வைசர் நஞ்சுண்டப்பா போர்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நானே முந்திக்கொண்டு, "வீட்ல இளநீர் வெட்டறப்ப பட்டுதுன்னு சொல்லிடறேன் சார்" என்றேன். புத்தி கெட்டவன்!

தொழிலாளர் காப்பீட்டு மருத்துவமனையிலும் அதையே சொன்னேன். டாக்டரம்மா கட்டைப் பிரித்தார். "இது க்ரஷ் இஞ்சுரி (நசுங்கல் காயம்). வெட்டுனா இப்படி ஆகாதே? இளநீர் கை மேல விழுந்துச்சா?"

"ஆமாங்க மேடம், விழுந்துடுச்சு."

அதையே எழுதிக்கொண்டார். அன்றே நுனியை எடுத்துவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்துக் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் பொறுமையாக விளக்கினார். வீட்டில் பட்ட காயத்துக்கு 'நோய்க்கால உதவி' (வேலைக்குப் போக முடியாத நாள்களுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு). அதற்கும் நாள் கணக்கு உண்டு. வேலையில் பட்டால் 'பணிக் காயம்'. அதற்கு உதவி கூடுதல். விரல் திரும்ப முளைக்காது என்பதால் 'நிரந்தரப் பகுதி ஊனம்' (உடம்பில் ஒரு பாகம் ஆயுசுக்கும் குறைவது) என்று மாதாமாதம், உயிருள்ளவரை ஒரு தொகை வரும். அதற்குக் கம்பெனி விபத்து அறிக்கை தர வேண்டும். என்னிடம் இருந்ததோ ஓர் இளநீர்.

"வீட்ல தென்னமரம் இருக்குதா?" என்று கேட்டார்.

பக்கத்திலிருந்த என் மனைவி சகாயமேரி முந்திக்கொண்டாள். "ரெண்டாவது மாடியில வாடகைக்கு இருக்கறோம் சார். ஒரு மணிபிளான்ட் இருக்குது. அதுல காய்க்குதான்னு இவரையே கேளுங்க."

வெளியே வந்ததும் பொரிந்து தள்ளினாள். "ஊர்ல இருக்கறவங்க குக்கருக்கு உங்க விரலுதான் கெடச்சுதா? நாளைக்கு வேற கம்பெனிக்குப் போனா இந்தக் கையைப் பாத்து எவன் வேலை குடுப்பான்?" சொல்லும்போதே அழுதுவிட்டாள். அதுவரை எனக்கு வெட்கம்தான் இருந்தது. அப்போதுதான் பயம் வந்தது.

மறுநாள் நஞ்சுண்டப்பாவிடம் போய் நின்றேன். "அய்யோ சிவனே! இவ்ளோ லேட்டா அறிக்கை போனா என்னைத்தான் மொதல்ல கேப்பாங்க" என்றார்.

"நான் பொய் சொன்னப்ப நீங்க பக்கத்துலதான் நின்னீங்க சார்."

நெடுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு எழுதினார். போர்டையும் அவரே துடைத்துப் பூஜ்ஜியம் போட்டார். என் பொய்யால் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்ட குக்கர்களைத் திருப்பிக் கேட்பார்களோ என்று லைனே நடுங்கியது. இரண்டு பேர் விசிலைக் கழற்றி ஒளித்தேவிட்டார்கள். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

விசாரணை வந்தது. டாக்டரம்மா, "இளநீர் இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்று சிரித்துவிட்டு, நசுங்கிய விதத்தை எழுதிக் கொடுத்தார். பணிக் காயம் என்று ஒப்புக்கொண்டார்கள். பிறகு மருத்துவ வாரியம் (ஊனத்தின் அளவைக் கணிக்கும் டாக்டர்கள் குழு). "எப்படி அடிபட்டது?" என்றார்கள். "பிரஸ் மிஷின்ல சார், காலை ஷிப்ட்ல!" அறையே அதிரச் சொன்னேன். அவ்வளவு சுகமாக இருந்தது. இப்போது மாதாமாதம் தொகை வருகிறது.

கட்டுப் போட்டு உட்கார்ந்து இதைப் படிப்பவர்களே, முதல் டாக்டரிடம் முதல் வாயிலேயே நடந்ததைச் சொல்லிவிடுங்கள்.

முன்பெல்லாம் என் கை என்னைக் கேட்காமலே எல்லாம் செய்யும். இப்போது சட்டைப் பொத்தான் போட மூன்று நிமிடம் ஆகிறது. கீழே கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறது. அடிக்கட்டும். கடைசிப் பொத்தானையும் போட்டுவிட்டுத்தான் இறங்குகிறேன்.