கையெட்டும் தூரத்து மாத்திரை

எங்கள் மருந்துக்கடையில் அண்ணனுக்குக் ‘கம்ப்யூட்டர்’ என்று பெயர். டாக்டர் சீட்டை நீட்டியதும் கை தானாக அலமாரிக்குப் போய்விடும். கல்லாவில் உட்காரும் எனக்கு முப்பது வருஷமாகியும் பாதி மருந்து எங்கே இருக்கிறதென்று தெரியாது. தேறமாட்டார் என்று தெரிந்த நோயாளிக்கும் அண்ணன் ஒரே பதில்தான் வைத்திருப்பார். முகத்தைப் பார்க்காமல், மருந்துக் கவரின் வாயை மடித்துக்கொண்டே, “எல்லாம் சரியாயிடும், தைரியமா போங்க” என்பார்.

அவருக்கும் ரத்தக்கொதிப்பு உண்டு. ஊருக்கெல்லாம் “ஒரு நாள்கூட விடாதீங்க” என்று உபதேசம். தனக்கு மட்டும் தலை கனத்தால்தான் மாத்திரை. நான் கத்துவேன். “கையெட்டுற தூரத்துல இருக்குடா, எங்க ஓடிடப் போகுது?” என்பார். மற்றவர்கள் மாதாமாதம் மெனக்கெட்டு வந்து வாங்கினார்கள், மறக்காமல் போட்டார்கள். கடையிலேயே கிடந்த மனுஷனுக்கு அந்தக் கவலையே இல்லை. இதைவிட முட்டாள்தனம் உண்டா?

போன வருஷம் நடை சுருங்கியது. காலைத் தேய்த்துத் தேய்த்து வந்தார். சீட்டில் ஐந்து மருந்து இருந்தால் இரண்டை எடுத்துவிட்டு அலமாரி முன்னால் நின்றுவிடுவார். “கம்ப்யூட்டர் ஹேங் ஆயிடுச்சு” என்று நானே கிண்டல் செய்தேன். இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. ஒரு நாள் ரத்தக்கொதிப்புக்காரர் ஒருவருக்குச் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்துவிட்டார். அவர் படியிறங்குவதற்குள் ஓடிப்போய்ப் பிடுங்கினேன்.

அண்ணனை டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஸ்கேன் படத்தில் மூளைக்குள் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள்.

“பல வருஷ பிரஷர் சின்னச் சின்ன ரத்தக்குழாயைக் கெடுத்திருக்கு. மூளையில ஒரு இடத்தை இன்னொரு இடத்தோட சேர்க்கிற நரம்பிழை பழுதாகியிருக்கு” என்றார் டாக்டர். “போனது வராது. இனிமே விடாம மாத்திரை போட்டா மிச்சத்தைக் காப்பாத்தப் பார்க்கலாம்.”

அன்றே அண்ணனிடமிருந்து கடைச் சாவியை வாங்கிக்கொண்டேன். மறுபேச்சில்லாமல் கொடுத்தார். சண்டையாவது போட்டிருக்கலாம்.

இப்போது தினமும் காலையில் நான்தான் அவர் வீட்டுக்கு மாத்திரை கொண்டுபோகிறேன். நேற்று அதை விழுங்கிவிட்டு, வெகுநேரம் யோசித்துக் கேட்டார்: “இதைப் போட்டா மறுபடி கடைக்கு வரலாம்லடா?”

“வரலாம்ணா. எல்லாம் சரியாயிடும்.”

அண்ணன் என் கையைப் பார்த்தார். மீதி மாத்திரை இருந்த கவரின் வாயை நான் மடித்துக்கொண்டிருந்தேன்.

“என்கிட்டயேவாடா?” என்றார்.