அக்காவின் கடலுக்கு ஒரு கார்டு

லிஃப்ட் பழுது பார்ப்பவரைத் தெருவில் எல்லோரும் மேலேகீழே என்றுதான் கூப்பிடுவார்கள். நாள் முழுக்க அவசர வேலை செய்தாலும் மனிதருக்கு ஆடி அசைந்து மிதக்கிற நடை. வீட்டில் அவருக்கு ஒரு அக்கா. இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுக்கையில் கிடப்பவள். அவளுடைய ஒரே ஜன்னலை அடைத்துக்கொண்டு பக்கத்துக் கட்டடம் எழும்பியபோது, அவர் கட்டிலுக்கு எதிரே பெரிய திரையை மாட்டி, கம்ப்யூட்டரில் ஒரு கடலை ஓடவிட்டார். படம் பிடித்த கடல் அல்ல, நொடிக்கு நொடி கம்ப்யூட்டரே வரைகிற கடல். வந்த அலை மறுபடி வராது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே தூங்குவாள், பார்த்துக்கொண்டே விழிப்பாள். சில காலைகளில் போர்வை நனைந்துவிட்டதா என்று தொட்டும் பார்ப்பாள்.

ஒருநாள் கம்ப்யூட்டர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. கடல் இருண்டது. திரைக்குப் படம் வரைந்து தருகிற கிராஃபிக்ஸ் கார்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதை இயக்கும் மென்பொருளை, கார்டைச் செய்த கம்பெனி கைகழுவிவிட்டது. அந்தக் கார்டோடு எப்படிப் பேசுவது என்பது அவர்களுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

"கட்டில அந்தப் பக்கம் திருப்பிடுடா," என்றாள் அக்கா. அன்றிலிருந்து வெறும் சுவரைப் பார்த்தபடி, பாதிச் சாப்பாடு, பாதிப் பேச்சு.

அவர் கம்ப்யூட்டர் கடைக்குப் போய்ப் புதுக் கார்டு கேட்டார். கடைக்காரி இரண்டு கார்டுகளைப் போட்டுக் காட்டினாள். முதலாவதில் நுரையின் ஒவ்வொரு குமிழும் மினுங்கியது. இரண்டாவதில் அலை சோம்பல் முறித்துக்கொண்டு வந்தது.

மேலேகீழே அட்டைப்பெட்டிகளின் மூடியைத் திறந்து உட்புறத்தைத் தடவினார்.

"என்னண்ணே தேடறீங்க, பரிசுக் கூப்பனா?"

"வயரிங் படம்மா. லிஃப்ட்டோட கரண்ட் பெட்டியத் தொறந்தா கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும். அது இருந்தா, செஞ்சவன் போனாலும் லிஃப்ட் ஓடும். இல்லேன்னா அநாதைதான்."

கடைக்காரி சிரித்தாள். "அத்தனை பக்கத்த இந்த மூடியில எங்க ஒட்டறது? ஆனா மெதுவா ஓடுதே, அதுக்கு இருக்குண்ணே. எப்படி வேலை செய்யுதுன்னு எல்லாத்தையும் இணையத்துல போட்டுட்டாங்க. யார் வேணும்னாலும் மென்பொருள் எழுதலாம். எழுதிக்கிட்டும் இருக்காங்க. வேகமானதுக்கு கம்பெனி வச்சதுதான் சட்டம்."

அவர் இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். மினுங்கும் கடலைக் கண்டால் அக்கா உடனே திரும்பிவிடுவாள். ஆனால் அது இன்னொரு முறை இருண்டால்? சோம்பல் கடலுக்குத் திரும்புவாளா என்பதே சந்தேகம். கடைசியில் மெதுவானதையே வாங்கிக்கொண்டு நடந்தார். தெருவெல்லாம் அலையாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் கார்டைப் பொருத்தித் திரையைப் போட்டார்.

"அக்கா, கடல் வந்துடுச்சு."

"மறுபடி போயிடும்."

"இதோட ரகசியம் ஊருக்கே தெரியும்க்கா. கம்பெனி கைவிட்டாலும் எவனாவது சரிபண்ணிடுவான்."

அக்கா தலையை மட்டும் திருப்பினாள். தொலைவில் ஒரு அலை கிளம்பியது. நடுவழியில் யோசிப்பதுபோல் நின்று, பிறகு மனசு வந்து கரைக்கு வந்தது.

"என்னடா, உன்ன மாதிரியே ஆடி அசைஞ்சு வருது?"

அவர் சிரித்துவிட்டார்.

"அடுத்தது வருமா?"

"வரும்க்கா."

"சரி, கட்டிலத் திருப்பு. கழுத்து வலிக்குது." அவர் கட்டிலைப் பிடித்தபோது சொன்னாள்: "கீழ தொங்கற போர்வையத் தூக்கிக் கட்டில் மேல போடுடா. நனைஞ்சிடப் போகுது."