போன் பெட்டியை அடைத்தவர்

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறுவருடம், மலாக்கா காஜா பெராங்கில் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்தபோது நடந்தது இது. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல், நல்ல மழை. என் மனைவிக்குத் தலைப்பிரசவ வலி. மலாயே தாய்மொழியாகிவிட்ட செட்டிகள் வாழும் கம்போங் செட்டியிலிருந்து வந்திருந்த மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இனி என் கையில் இல்லை, ஆஸ்பத்திரிக்குக் காரைக் கூப்பிடு என்று மலாயில் சொல்லிவிட்டார்.

கடைகளெல்லாம் அடைப்பு. முச்சந்தியில் இருந்த பொதுத் தொலைபேசிக்கு ஓடினேன். அந்தக் காலத்துப் போனில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். காசைப் போட்டு எண்ணைச் சுழற்றி, மறுமுனையில் ஆள் பேசினால் 'ஏ'யை அமுக்க வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் 'பி'. போட்ட காசு திரும்பி வரும். டாக்சி நிலையத்துக்குச் சுழற்றினேன். அங்கே யாரோ வேறு ஒருவரோடு பேசிக்கொண்டிருந்ததால் லைன் கிடைக்கவில்லை. 'பி'யை அமுக்கினேன். காசு வரவில்லை. என்னிடம் வேறு சில்லறையும் இல்லை. பெட்டியைக் குத்தினேன், உலுக்கினேன், கண்டபடி திட்டினேன்.

எதிர்க்கடை வாசலில் மழைக்கு ஒதுங்கியிருந்த ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும்.

"எதுக்குண்ணே அதைப் போட்டு அடிக்கிறீங்க?"

"வீட்டுல பிரசவ வலி. பிள்ளை குறுக்கே கிடக்குதாம். காசு மாட்டிக்கிச்சு."

"தள்ளுங்க. அடைச்சதே நான்தான்" என்றார்.

சட்டைப்பையிலிருந்து வளைந்த கம்பி ஒன்றை எடுத்தார். காசு திரும்பி விழும் வாய்க்குள் விட்டு ஒரு துணிச்சுருளை இழுத்தார். பொலபொலவென்று காசு கொட்டியது. காலையிலிருந்து எத்தனை பேர் ஏமாந்திருந்தார்களோ! அத்தனையையும் என் கையில் திணித்து, "லைன் கிடைக்கிற வரைக்கும் சுத்துங்கண்ணே" என்றார்.

அந்நேரம் பார்த்துப் போன் பேச வந்த இருவர் கம்பியையும் துணியையும் கண்டுவிட்டார்கள். அவர் சட்டையைப் பிடித்தார்கள், அடித்தார்கள். எனக்கு லைன் கிடைத்தது. 'ஏ'யை அமுக்கி வீட்டு அடையாளம் சொல்லிக்கொண்டே திரும்பினேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்காதீர்கள் என்று அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போனை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

தாயும் மகளும் பிழைத்தார்கள். மறுநாள் போலீஸ் நிலையம் போய் நடந்ததைச் சொன்னேன். அப்படி யாரையும் கொண்டுவரவில்லை என்றார்கள். பல நாள் அந்த முச்சந்தியில் போய் நின்றேன், அவர் வரவேயில்லை.

மகளின் ஒவ்வொரு பிறந்தநாளிலும் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது: அன்று அந்தக் காசெல்லாம் என் பையில் இருந்தது, அடி மட்டும் அவர் முதுகில் விழுந்தது.