லேத்தில் தேய்த்த குழல்

அண்ணனின் துப்பாக்கியைக் கெடுத்தது நான்தான். அவனுக்கு அது இன்றுவரை தெரியாது.

வெள்ளைக்காரர் காலத்து வேட்டை ரைஃபிள். அப்பாவுக்குப் பிறகு லைசென்ஸ் அண்ணன் பெயருக்கு மாறியது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். போன தேர்தல் முடிந்து திரும்பி வந்தபோது குழலுக்குள் துரு ஏறியிருந்தது. வருடாவருடம் ஆயுத பூஜைக்கு அதைத் திருவண்ணாமலையில் உள்ள என் லேத் பட்டறையில்தான் ஸ்பானர்களோடு சேர்த்து வைத்துப் பொட்டு வைப்போம். துருப்பிடித்த இரும்பைச் சாமி முன்னால் வைக்க எனக்கு மனசு வரவில்லை. கம்பியில் உப்புத்தாளைச் சுற்றி, லேத்தில் ஓடவிட்டு, குழலின் உள்ளே தேய்த்தேன். அரை மணி நேரத்தில் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. இருபது வருடமாக இரும்போடு புழங்குகிறவன் என்கிற திமிர் வேறு.

ரைஃபிள் குழலுக்குள் சுருள் வரிகள் உண்டு. குண்டைக் கவ்விச் சுழற்றி நேராக அனுப்புவது அவைதான். பழைய துப்பாக்கிக்குத் தோட்டா பொருந்துமா என்று பார்க்கத் தோட்டாக் கடைக்காரர் எப்போதோ ஒரு வழி சொல்லியிருந்தார். குண்டின் மூக்கைக் குழல் முனையில் விட்டுப் பார்க்க வேண்டும்.

"கொஞ்சம் உள்ள போய் நின்னுச்சுனா சரிங்க. பித்தளைக் கூடு வரைக்கும் போச்சுனா வரி தேஞ்சு போச்சுனு அர்த்தம், சுடவே சுடாதீங்க."

பூஜை முடிந்த மறுவாரம், கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் வேர்க்கடலை நிலத்தைக் காட்டுப்பன்றி உழுது போட்டது. வனத்துறை அனுமதியோடு, நன்றாக விடிந்த பிறகு இருவரும் போனோம். அண்ணன் தடம் பார்க்க முன்னால் நடந்தான். துப்பாக்கி என் கையில். சும்மா ஒரு தோட்டாவை எடுத்துக் குழல் முனையில் விட்டேன். குண்டு முழுதாக இறங்கி, பித்தளை போய் இடித்தது. துருவோடு சேர்த்து வரியையும் தேய்த்து எடுத்திருந்தேன்.

சொல்லியிருக்கலாம். சொன்னால், "லேத்துல உட்டியா? உனக்கு மூளைன்னு ஒண்ணு கீதாடா?" என்று ஆரம்பிப்பான். ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அதற்குப் பயந்து, வாயை மூடிக்கொண்டு துப்பாக்கியை நீட்டினேன்.

வரப்போரம் பன்றி நின்றிருந்தது. அண்ணன் அதன் நெஞ்சுக்குத்தான் குறிவைத்தான். குண்டு சுழலாமல் படுத்தவாக்கில் போய்ப் பன்றியின் பின்தொடையைக் கிழித்தது. அது ஓடவில்லை, நேரே எங்களைப் பார்த்து வந்தது. அடுத்த தோட்டாவைத் தள்ளுவதற்குள் அண்ணனைச் சாய்த்து, கோரைப்பல்லால் முழங்காலிலிருந்து தொடை வரை பிளந்தது. கீழே கிடந்தவனை விடாமல் குத்தியது. ஒவ்வொரு குத்துக்கும் அவன் என்னைத்தான் கூப்பிட்டான். மோட்டார் கொட்டகை ஓரம் கிடந்த கடப்பாரையை எடுத்து வந்து அதன் முதுகில் இறக்கினேன். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. செத்த பிறகும் நான் நிறுத்தவில்லை. மண்டை கூழாகும் வரை இடித்தேன். என்மேல் இருந்த ஆத்திரத்தை அதன்மேல் காட்டினேன், அவ்வளவுதான்.

அண்ணன் பிழைத்துக்கொண்டான், ஆனால் இடது கால் மடங்காது. பௌர்ணமி தவறாமல் மலை சுற்றியவன் இப்போது என் பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறான். வருகிறவர்கள் காலுக்கு என்ன ஆச்சு என்று கேட்பார்கள்.

"தோட்டா சரியில்லங்க. கடைக்காரன் பழைய சரக்கத் தலையில கட்டிட்டான். துப்பாக்கி மேல தப்பே கெடையாது. எந்தம்பி ஆயுத பூஜைக்கு உள்ள எப்படித் தேச்சு வெச்சிருந்தான் தெரியுமா? மூஞ்சி தெரியும்."

நான் உடனே லேத்தை ஓடவிடுவேன். அந்தச் சத்தத்தில் அவன் பேசுவது கேட்காது.