போஸ்டரில் வராத சைக்கிள்காரி

நோலீன் கராவ்ரியா பத்தொன்பது வருஷமாக சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வந்தாள். வீட்டிலிருந்து ஆப்பிள் பேக்கிங் ஷெட்டுக்கு ஏழு கிலோமீட்டர். அதில் பாதி, லாரிகள் ஓடும் மெயின் ரோடு. வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு முழம் சரளைக்கல், அதுதான் அவளுக்கு. பூமியின் தென்கோடியில் இருக்கும் எங்களுக்கு ஜூன்தான் குளிர்காலம்; ஹேண்டில்பாரில் உறைபனி படிந்திருக்கும். இரண்டு தடவை பள்ளத்தில் விழுந்திருக்கிறாள். ஒரு தடவை முன்பல் போயிற்று. வீட்டில் இருந்த ஒரே காரைப் புருஷன் ஹோவானி துறைமுக வேலைக்கு எடுத்துப் போய்விடுவான். முதலில் வேறு வழியில்லாமல் ஓட்டினாள், பிறகு அதுவே பிடித்துப்போயிற்று.

எங்கள் ஊரில் ஒருவர்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அப்புறம் அரசாங்கப் பணம் வந்தது. சின்ன ஊர்களில் ஜனங்கள் காரை விட்டுவிட்டு நடந்தும் சைக்கிளிலும் போகவேண்டுமென்று தலைநகர் வெலிங்டனில் போட்ட திட்டம். கவுன்சில் பள்ளிக்கூடத்திலிருந்து கடைத்தெரு வரைக்கும் வழவழவென்று பச்சை நிறத்தில் சைக்கிள் பாதை போட்டது. ஜனங்களை இழுக்க ஒரு முகம் வேண்டியிருந்தது. நோலீனின் பக்கத்து வீட்டுக்காரி ஜாஸ்லின் பிரிஸ்கோவைப் பிடித்தார்கள். பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சைக்கிள் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

ஒரு நாள் நோலீன் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது ஹோவானி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"லைப்ரரி வாசல்ல ஜாஸ்லின் ஆளுயரத்துக்கு நிக்கிறா."

"போஸ்டரா? நானும் பார்த்தேன். நல்லாத்தான் இருக்கா. பல்லு வரிசை..."

"பல்லப் பத்தி என்கிட்ட பேசாதே."

அவன் அடுத்த உருளைக்கிழங்கை எடுத்தான்.

அதற்குப் பிறகு நோலீன் பச்சைப் பாதைப் பக்கமே போகவில்லை. அதை ஒட்டியே ஓடும் கார் ரோட்டில்தான் மிதித்தாள். ஜாஸ்லின் அந்தப் பக்கத்திலிருந்து மணியடிப்பாள். "நோலீன், இங்க வாயேன்! வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போகுது!" நோலீன் காதில் விழாத மாதிரி மிதிப்பாள். மழை பெய்தால் மட்டும் அவளுக்கு ஒரு சந்தோஷம். சமையலறை ஜன்னலில் நின்று பார்ப்பாள். ஜாஸ்லின் கார் தெருவில் இறங்கும். "இன்னிக்கும் கார்தான்," என்று ஹோவானியிடம் சொல்லிவிட்டு, நனைந்துகொண்டே ஷெட்டுக்குக் கிளம்புவாள்.

ஆகஸ்டில் டவுன் ஹாலில் கூட்டம் போட்டார்கள். பாதையை மெயின் ரோட்டோரமாக ஷெட்டு வரைக்கும் நீட்ட இன்னொரு தவணைப் பணம் கேட்கலாமா என்று ஊரைக் கேட்கும் கூட்டம். லாரி கம்பெனி வைத்திருக்கும் மர்ரே டன்னிக்ளிஃப் எழுந்தார்.

"அந்த ரோட்டுல சைக்கிள்ல யாருங்க போறா? ஒரு ஆளக் காட்டுங்க."

பாதைக்காகப் பேச எழுதிவைத்த காகிதத்தோடு ஜாஸ்லின் எழுந்து நின்றாள். மர்ரே அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க போயிருக்கீங்களாம்மா?"

"இல்ல..." அவள் முகம் சிவந்துபோயிற்று. "எனக்கு அந்த ரோடுன்னா பயம்."

ஹால் சிரித்தது. கடைசி வரிசையில் பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்த நோலீனும் சிரித்தாள். இத்தனை மாதத்தில் அவ்வளவு இனிப்பாக எதுவும் அவள் வாயில் பட்டதில்லை.

"பார்த்தீங்கல்ல? ஒருத்தரும் போறதில்ல," என்றார் மர்ரே.

நோலீனுக்கு அது சுருக்கென்றது. பிஸ்கட்டை விழுங்காமலே எழுந்துவிட்டாள்.

"ஒங்க நீல லாரி தினம் காலைல ஏழே முக்காலுக்கு என்னத் தாண்டிப் போகுது மர்ரே. ஒரு நாள் அதோட கண்ணாடி என் தோள்ல இடிச்சுது. ஒருத்தருமே போறதில்லன்னா, ஒங்க டிரைவருங்க எதப் பார்த்துத்தான் ஓட்டுறாங்க?"

கைதூக்கச் சொன்னபோது பாதைக்கு ஆதரவாக முக்கால்வாசிப் பேர் தூக்கினார்கள்.

மறுநாள் பேப்பரில் முதல் பக்கத்தில் ஜாஸ்லின் படம். கீழே, "வேறொரு பெண்மணியும் பேசினார்." நோலீன் அந்தப் பேப்பரை மீன் சுத்தம் செய்ய விரித்தாள்.

சாயங்காலம் ஜாஸ்லின் ஒரு தட்டில் ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டிகளைச் சுட்டுக் கொண்டுவந்தாள்.

"நிருபர்கிட்ட ஒன் பேர எழுத்தெழுத்தா சொன்னேன். அவன்தான் போடல."

"சரி."

"நோலீன், ஒன்னப் பார்த்துத்தான் நான் சைக்கிளே வாங்கினேன். பாங்கிக்குக் கிளம்பறப்ப தினம் நீ போறதப் பார்ப்பேன். எனக்கு வயிறு எரியும். இவளுக்கு மட்டும் எப்படி பயமில்லன்னு."

மனசு குளிர்ந்திருக்க வேண்டும் நோலீனுக்கு. குளிரவில்லை.

"அத போஸ்டர்ல போட்டிருக்கலாமே," என்றாள். ஆனால் தட்டை வாங்கிக்கொண்டாள்.

பாதை முடிய ஒன்றரை வருஷம் ஆனது. திறப்பு விழா ஒரு புதன்கிழமை பத்து மணிக்கு. ரிப்பன் வெட்ட மேயரும் ஜாஸ்லினும். நோலீனுக்கும் அழைப்பு வந்தது. ஷிஃப்ட் இருக்கிறதென்று சொல்லிவிட்டாள். அன்று விடியும்போதே ரிப்பன் கட்டியாகிவிட்டிருந்தது. இறங்கி, அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, சைக்கிளோடு உள்ளே நுழைந்து ஏறி மிதித்தாள். ஷெட்டு வரைக்கும் பாதையில் வேறு யாரும் இல்லை. முழங்கால் தேய்ந்து நிறுத்தும்வரை இன்னும் ஆறு வருஷம் அதில் போனாள். ஜாஸ்லின் முன்னால் போவது தெரிந்தால் மட்டும் மூச்சைப் பிடித்து மிதித்து முந்திவிடுவாள்.