கூட்டல் குறியை அழித்தவர்

டியூஷன் சாரை நினைத்தால் முதலில் என் கண்ணில் நிற்பது அவருடைய ஆள்காட்டி விரல்தான். கரும்பலகையில் தப்பாக எழுதிவிட்டால் டஸ்டரைத் தேட மாட்டார். விரலை நாக்கில் வைத்து, எச்சிலால் அழித்து, ஈரம் காயும் முன்பே அதன்மேல் அடுத்த எண்ணை எழுதுவார். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நான் அருவருப்பில் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒன்பதாம் வகுப்பில் அடுக்குக்குறி நடத்தினார். நடத்தினார் என்பதே அதிகம். "அடிமானம் ஒண்ணா இருந்தா அடுக்கைக் கூட்டு" என்று எங்களைக் கத்தவிடுவார். பௌர்ணமியன்று தெருவில் போகும் கிரிவலக் கூட்டத்தின் அரோகராவையும் மீறிக் கத்துவோம். பெருக்கும்போது மட்டும்தான் அப்படி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நானோ அந்தப் பாடத்தில் கிறங்கிப் போயிருந்தேன். சூரியன் இருக்கும் பதினைந்து கோடி கிலோமீட்டர் தூரத்தை, ஒன்று புள்ளி ஐந்து பெருக்கல் பத்தின் அடுக்கு எட்டு என்று ஒரு விரற்கடைக்குள் எழுதிவிடலாமே! பதினொன்றாம் வகுப்பில் கணக்குக் குரூப்தான் என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

ஒரு நாள் அவர் பத்தின் அடுக்கு மூன்றையும் பத்தின் அடுக்கு இரண்டையும் கூட்டி, பத்தின் அடுக்கு ஐந்து என்று விடை எழுதினார்.

"சார், ஆயிரமும் நூறும் ஆயிரத்து நூறுதானே? எப்படி லட்சம் வரும்?"

அவர் பலகையைப் பார்த்தார். விரலை நாக்கில் வைத்தார். கூட்டல் குறியை அழித்துவிட்டுப் பெருக்கல் குறி போட்டார்.

"பெருக்கல்தானே போட்டிருக்கேன்? கண்ணு தெரியலையா உனக்கு?"

எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைவிட, தப்பு பிடிபட்டதும் அவர் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லாததுதான் எனக்குச் சகிக்கவில்லை.

பத்தாவது முடிந்ததும் அப்பா அவரிடம்தான் யோசனை கேட்டார். அடி அண்ணாமலையில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்குப் படிப்பு விஷயத்தில் சார் சொன்னால் சொன்னதுதான்.

"பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி, கணக்கு கம்மி. வேற குரூப்ல போட்டுடுங்க."

போட்டுவிட்டார். நான் அழுததெல்லாம் எடுபடவில்லை. கணக்கு அத்தோடு போயிற்று.

இப்போது வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஏதோ சான்றிதழுக்காக அவர் வந்தார். வரிசையைத் தாண்டி நேராக என் மேஜைக்கு வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நம்மகிட்ட படிச்ச பொண்ணுதாங்க. அப்பவே கணக்குல புலி!"

கேட்க வேண்டியதெல்லாம் தொண்டை வரை வந்தது. அதற்குள் என் உடம்பு எழுந்து நின்றுவிட்டது. "வாங்க சார்" என்று கைகள் இரண்டும் தாமாகவே குவிந்துவிட்டன.

அவரைவிட அந்தக் கைகளைப் பார்த்துத்தான் எனக்கு அன்று அதிகம் குமட்டியது.